ஒரே குட்டையில் ஓராயிரம் பேர்... நெரிசலில் தலைப்பிரட்டைகள் எப்படி வளர்கின்றன?

மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். காலி மனையில் தேங்கிய தண்ணீர், வரப்போரத்துப் பள்ளம், கோயில் குளத்தின் கடைசிப் படி என்று எங்கே எட்டிப் பார்த்தாலும், கறுப்பு மிளகை அள்ளிக் கொட்டியதுபோல ஒரு கூட்டம் நெளிந்துகொண்டிருக்கும். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு மிளகுக்கும் ஒரு வால்!

'மீன் குஞ்சு' என்று நினைத்துக் குழந்தைகள் பாட்டிலில் பிடித்து வருவது பெரும்பாலும் இவற்றைத்தான். தவளை, தேரைகளின் பிள்ளைகளான தலைப்பிரட்டைகள்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். ஒரே குட்டை, ஒரே இரவில் இடப்பட்ட முட்டைகள், ஒரே தண்ணீர். ஆனால், சில தலைப்பிரட்டைகள் கொழுகொழுவென்று இருக்கின்றன. பல இன்னும் மிளகு அளவிலேயே நிற்கின்றன. ஒன்றுக்குப் பின்னங்கால் முளைத்துவிட்டது. பக்கத்தில் இருப்பதற்கு அதற்கான அறிகுறியே இல்லை.

ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம்? அரை நூற்றாண்டுக்கும் மேலாக விஞ்ஞானிகளைத் துரத்தும் கேள்வி இது. அவர்கள் கண்டறிந்த பதில்களில் முக்கியமானது, நெரிசல்.

ஆயிரத்தில் ஆரம்பிக்கும் கணக்கு

தேரைகள் முட்டையிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடி போன்ற வழவழப்பான நீளமான சரம். அதற்குள் கறுப்பு மணிகளைக் கோத்ததுபோல முட்டைகள். நம் வீட்டுக் கொல்லையில் உலவும் சாதாரணத் தேரையே ஒரு முறைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மரத்தவளைகள் வேறு ரகம். தண்ணீருக்கு மேலே இருக்கும் இலையிலோ சுவரிலோ சோப்பு நுரைபோல ஒரு கூடு கட்டி, அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் நுரையிலிருந்து கீழே இருக்கும் தண்ணீருக்குள் சொட்டுச் சொட்டாக விழும்.

நல்ல மழை பெய்த முதல் இரவில் ஒரே குட்டைக்குப் பல ஜோடிகள் வந்துவிடும். குட்டை என்னவோ நம் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிதாக இருக்காது. அதில் ஐந்தாறு ஜோடிகளின் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து வளர வேண்டும். அதுவும் தண்ணீர் வற்றுவதற்குள்!

நாற்றங்காலில் விதையை நெருக்கமாகத் தூவிவிட்டுக் கலைத்துவிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். நாற்று வெளுத்து, நெட்டையாக, நோஞ்சானாக நிற்கும். மீன் பண்ணை வைத்திருப்பவர்களுக்கும் இது தெரியும். குளத்தின் அளவுக்கு மேல் குஞ்சுகளை விட்டால் எண்ணிக்கை இருக்கும், எடை இருக்காது. தலைப்பிரட்டைகளுக்கும் இதே விதிதான். ஆனால், அவற்றின் விஷயத்தில் காரணங்கள் கொஞ்சம் சிக்கலானவை.

சாப்பாடு தாராளமாக இருந்தும்...

"கூட்டம் அதிகமானால் சாப்பாடு பத்தாது. அதனால் வளரவில்லை. இதில் என்ன ஆராய்ச்சி?" என்று தோன்றலாம். முதல் காரணம் அதுதான். தலைப்பிரட்டைகளில் பெரும்பாலானவை பாசியையும் மக்கிய இலைகளையும் சுரண்டித் தின்பவை. வாயில் சின்னச் சின்னப் பற்கள் வரிசையாக, ஒரு ரம்பம்போல இருக்கும். குட்டையில் இருக்கும் பாசியைப் பங்கு போட ஆள் கூடினால் பங்கு குறையும்.

ஆனால், ஆய்வுக்கூடத்தில் ஒரு விஷயம் தெரியவந்தது. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தாராளமாகச் சாப்பாடு கொடுத்தாலும், நெரிசலான தொட்டியில் இருப்பவை சரியாக வளரவில்லை. அப்படியென்றால் பசியைத் தாண்டி வேறு ஏதோ இருக்கிறது.

ஒன்று, இடிபாடு. நெரிசலில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது. பக்கத்தில் இருப்பது வாலால் அடிக்கும், மேலே ஏறும், தள்ளிவிடும். திரும்பத் திரும்ப நீந்தி நகர்வதிலேயே சக்தி போகிறது. தீபாவளிக்கு முதல் நாள் கடைத்தெருவில் நின்றுகொண்டு டிபன் சாப்பிட முயன்றவர்களுக்கு இது புரியும்.

இன்னொன்று, தண்ணீர். தலைப்பிரட்டை மீனைப் போலவே தன் கழிவை அம்மோனியாவாகத் தண்ணீரில் விடுகிறது. தவளையாக மாறும்போதுதான் நம்மைப் போல யூரியாவாக வெளியேற்றும் முறைக்கு மாறுகிறது. சின்ன இடத்தில் கூட்டம் கூடினால் அம்மோனியா சேரும், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும். மூச்சுக்காக அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்க வேண்டியிருக்கும். மேலே வரும் ஒவ்வொரு முறையும் கொக்கின் கண்ணில் படும் ஆபத்தும் கூடவே வருகிறது.

பெரியவை, சின்னவற்றை அடக்குகின்றனவா?

1950-களின் கடைசியில் அமெரிக்காவில் சி.எம்.ரிச்சர்ட்ஸ் என்ற ஆய்வாளர், சிறுத்தைத் தவளையின் தலைப்பிரட்டைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். உடம்பில் புள்ளிகள் இருப்பதால் அந்தத் தவளைக்கு அப்படி ஒரு பெயர். நெரிசலான தொட்டியில் இருந்த தண்ணீரை எடுத்து, தனியாக வளரும் சின்னத் தலைப்பிரட்டைக்கு வைத்தால் என்ன ஆகும்? இப்போது அதன் அருகில் இடிக்கவோ பிடுங்கித் தின்னவோ யாரும் இல்லை. வெறும் தண்ணீர்தான். ஆனாலும், அதன் வளர்ச்சி தடைபட்டது!

தண்ணீரில் அப்படி என்ன இருந்தது? சந்தேகம் கழிவின் மேல் விழுந்தது. பெரிய தலைப்பிரட்டைகளின் மலத்தில் பாசி போன்ற நுண்ணிய செல்கள் இருந்தன. தலைப்பிரட்டைகள் ஒன்றின் மலத்தை இன்னொன்று தின்பது சகஜம். அப்படித் தின்னும் சின்னவற்றின் வளர்ச்சியை அந்தச் செல்கள் தடுப்பதாகத் தெரிந்தது. பின்னர் இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகளும், நிறமில்லாத பாசி என்று அப்போது கருதப்பட்டு 'புரோட்டோதீக்கா' என அழைக்கப்பட்ட நுண்ணுயிரை நோக்கிக் கைகாட்டின. முன்னால் பெருத்தவை மேலும் பெருக்க, பின்தங்கியவை மேலும் பின்தங்குகின்றன. ஒரே குட்டையில் யானையும் எறும்பும்போல அளவு வித்தியாசம் வருவதற்கு இது ஒரு விளக்கம்.

இதில் ஒரு சுவாரசியமான திருப்பமும் உண்டு. 1980-களின் இறுதியில் இயற்கைக் குளங்களுக்கே போய்ச் சோதித்தபோது, இந்த 'ரசாயன அடக்குமுறை' அங்கே அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. சின்னக் கண்ணாடித் தொட்டியில் கழிவு செறிந்துவிடுகிறது. பெரிய குளத்தில் அது கரைந்துபோகிறது. அதனால் குளத்தில் சாப்பாட்டுப் போட்டிதான் பெரிய எதிரி என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குழந்தைகள் பிடித்து வரும் பாட்டில், குளத்தைவிடக் கண்ணாடித் தொட்டிக்குத்தான் நெருக்கமானது!

உடம்புக்குள் அடிக்கும் அலாரம்

நெரிசலை உடம்பு எப்படி உணர்கிறது? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டென்வரின் குழு இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறது.

நமக்கு டென்ஷன் வந்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறது அல்லவா? தலைப்பிரட்டைக்கும் அதன் உறவுக்கார ஹார்மோன் ஒன்று உண்டு. அதன் பெயர் கார்ட்டிகோஸ்டீரோன். கூட்டம் கூடினாலோ சாப்பாடு குறைந்தாலோ தலைப்பிரட்டையின் உடம்பில் இது ஏறுகிறது. ஏறினால் வளர்ச்சி குறைகிறது. இந்த ஹார்மோன் சுரப்பதை மருந்து மூலம் தடுத்தபோது, நெரிசலிலும் வளர்ச்சித் தடை குறைந்தது. அதாவது 'கூட்டமாக இருக்கிறது' என்ற செய்தியை வளர்ச்சிக்கான தடையாக மாற்றுவதில் இந்த ஹார்மோனுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஆனால், இதே ஹார்மோனுக்கு இன்னொரு முகம் உண்டு. தலைப்பிரட்டை தவளையாக மாறுவதற்கான சாவி தைராய்டு ஹார்மோன். 1912-லேயே குடர்நாட்ச் என்ற விஞ்ஞானி, தைராய்டு சுரப்பியைத் தீனியாகக் கொடுத்த தலைப்பிரட்டைகள் மிகச் சின்ன வயதிலேயே குட்டித் தவளைகளாக மாறியதைக் காட்டினார். கார்ட்டிகோஸ்டீரோன் இந்தத் தைராய்டு ஹார்மோனுக்கு வலு சேர்க்கிறது.

ஆக, மிகச் சின்ன வயதில் டென்ஷன் என்றால் வளர்ச்சி நின்றுபோகும். ஓரளவு வளர்ந்த பிறகு டென்ஷன் என்றால், "இங்கே இனி இருக்க முடியாது, கிளம்பு" என்று உருமாற்றம் வேகமெடுக்கும். ஒரே அலாரம்தான். அடிக்கும் வயதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது.

இருப்பதா, கிளம்புவதா?

1973-ல் ஹென்றி வில்பர், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு கணக்காகவே எழுதிக்காட்டினார்கள். எளிமையாகச் சொன்னால் இப்படி:

தவளையாக மாறுவதற்குக் குறைந்தபட்சம் ஓர் உடல் அளவு வேண்டும். அந்த அளவைத் தொடாத தலைப்பிரட்டையால் குட்டை எவ்வளவு மோசமாக இருந்தாலும் வெளியேற முடியாது. அந்த அளவைத் தாண்டிவிட்டால் தேர்வு அதன் கையில். சாப்பாடு கிடைக்கிறது, மளமளவென்று வளர்கிறோம் என்றால் இன்னும் கொஞ்ச நாள் தங்கிப் பெரிய உடம்போடு வெளியே வரலாம். வளர்ச்சி மந்தமாகிவிட்டால், சின்ன உடம்பாக இருந்தாலும் பரவாயில்லை என்று கால் முளைத்துக் கிளம்பிவிடலாம்.

நெரிசலான குட்டையில் நடப்பது இதன் துயரமான வடிவம். முதலில் வளர்ந்த சில, நல்ல எடையோடு வெளியேறிவிடும். அடுத்த வரிசை, குறைந்தபட்ச அளவைத் தொட்டவுடன் குட்டியூண்டு தவளைகளாகத் தப்பிக்கும். பெருங்கூட்டமோ அந்த எல்லைக்கோட்டைத் தொட முடியாமல் வாலோடு காத்திருக்கும். குட்டை வற்றும் நாள் வந்தால் சேற்றில் காய்ந்துபோவது அந்தக் கூட்டம்தான்.

வெளியேறும் வேலையும் லேசானது இல்லை. வால் கரைய வேண்டும். செவுள் போய் நுரையீரல் முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். பாசி தின்பதற்காகச் சுருண்டு கிடந்த நீளக் குடல், பூச்சி தின்பதற்கேற்பக் குட்டையாக வேண்டும். வாயே புதிதாக உருவாக வேண்டும். இந்தக் கடைசி நாள்களில் அது எதுவும் சாப்பிடுவதில்லை. தன் வாலையே உடம்புக்குள் கரைத்து அந்தச் சத்தில் உயிர் வாழ்கிறது. அதனால் கையிருப்பு குறைவாக இருக்கும் நோஞ்சானுக்கு இந்தக் கட்டம் பெரிய கண்டம்.

பாலைவனத்தில் எட்டு நாள் பந்தயம்

நேரமும் இடமும் ஒரே சமயத்தில் நெருக்கினால்? அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ பாலைவனங்களில் 'ஸ்பேட்ஃபுட்' என்ற தேரைகள் இருக்கின்றன. பின்னங்காலில் மண்வெட்டிபோல ஒரு மேடு. அதனால் மண்ணைத் தோண்டி ஆண்டின் பெரும்பகுதியை நிலத்தடியிலேயே கழிக்கும். கோடை மழை கொட்டிய இரவில் மேலே வந்து, தேங்கிய நீரில் முட்டையிடும். அந்த நீர் இரண்டு வாரம் நின்றாலே அதிர்ஷ்டம்.

இதில் ஓர் இனம், முட்டையிலிருந்து குட்டித் தேரையாகும் வரை எல்லாவற்றையும் எட்டே நாளில் முடித்துவிடும் திறமை கொண்டது. நம்மூர்த் தவளைகளுக்கு அதே வேலைக்குப் பல வாரங்கள் ஆகும்.

இன்னோர் இனத்தில் நடப்பது அதைவிட வியப்பு. பெரும்பாலான தலைப்பிரட்டைகள் பாசியும் மக்கும் தின்று சாதுவாக வளர்கின்றன. ஆனால், தண்ணீரில் இருக்கும் சின்ன இறால் வகைகளை அதிகமாகத் தின்ன நேர்ந்தவை உருவமே மாறிவிடுகின்றன. தலை பெருக்கிறது, தாடைத் தசை புடைக்கிறது, குடல் குறுகுகிறது. அசைவம் தின்னும் வேட்டைக்காரனாகி, கூட இருக்கும் தலைப்பிரட்டைகளையே விழுங்க ஆரம்பிக்கின்றன. வேகமாக வற்றும் குட்டையில் வேகமாக வளர இது ஒரு குறுக்கு வழி. டேவிட் பென்னிக் என்ற ஆய்வாளரின் குழு கண்டறிந்த இன்னொரு தகவல்: இந்த வேட்டைக்காரர்கள் தங்கள் உடன்பிறப்புகளை அடையாளம் கண்டு, கூடுமானவரை அவற்றைத் தவிர்த்து மற்றவற்றைத் தின்கின்றன!

பிறக்கும் முன்பே போட்டி

ஆஸ்திரேலியாவில் கதை இன்னும் கடுமை. கரும்பு வயல்களில் வண்டுகளை ஒழிப்பதற்காக 1935-ல் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட 'கேன் டோடு' என்ற பெருந்தேரை, வண்டை விட்டுவிட்டு நாட்டையே பிடித்துக்கொண்டது. எண்ணிக்கை பெருகப் பெருக, அதற்குப் பெரிய எதிரி அதன் சொந்த இனமே ஆனது. குட்டையில் ஏற்கெனவே இருக்கும் தலைப்பிரட்டைகள், புதிதாக இடப்படும் முட்டைகளைத் தேடிப் போய்த் தின்கின்றன. முட்டையிலிருந்து கசியும் நஞ்சின் வாசனைதான் அவற்றுக்கு வழிகாட்டி.

சிட்னியில் ரிக் ஷைன், மைக்கேல் கிராஸ்லேண்ட் ஆகியோரின் குழு இதையே ஆயுதமாக்கியது. தேரையின் நஞ்சைத் தூண்டில் இரையாக வைத்துத் தலைப்பிரட்டைகளைப் பொறிக்குள் வரவழைக்கும் முறையை 2012-ல் வெளியிட்டார்கள். மற்ற உயிர்களுக்குப் பெரிதாகத் தொல்லை தராமல் இந்த ஒன்றை மட்டும் குறைக்க இது உதவுகிறது.

2021-ல் வெளியான ஆய்வு இன்னொரு படி மேலே போனது. தாயகமான தென் அமெரிக்காவில் இருக்கும் தேரைகளைவிட, ஆஸ்திரேலியாவில் இருப்பவற்றின் தலைப்பிரட்டைகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்பதில் பல மடங்கு தீவிரமாக இருக்கின்றன. அதற்குப் பதிலடியாக அங்கே முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள், பெரியவற்றின் வாசனையை உணர்ந்தால் ஆபத்தான பருவத்தை அவசர அவசரமாகக் கடந்துவிடுகின்றன. ஆனால், அந்த அவசரத்துக்கு விலை உண்டு. பிறகு அவற்றின் வளர்ச்சி குன்றிவிடுகிறது.

எதிரி வந்தால் நன்மையா?

தட்டான்பூச்சியின் இளம்புழு, நீர்வண்டு, தண்ணீர்ப் பாம்பு, கொக்கு என்று தலைப்பிரட்டைகளைத் தின்னாதவர் இல்லை. ஆனால், நெரிசலான குட்டையில் எதிரியும் ஒரு வகையில் தோட்டக்காரர்தான்.

1980-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் பீட்டர் மோரின் என்ற ஆய்வாளர், மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய தொட்டிகளைச் செயற்கைக் குளங்களாக்கினார். பல இனத் தலைப்பிரட்டைகளை விட்டு, சிலவற்றில் அவற்றைத் தின்னும் 'நியூட்' என்ற பல்லி போன்ற நீர்வாழ் உயிர்களையும் சேர்த்தார். எதிரி இல்லாத தொட்டிகளில், வேகமாகத் தின்று வளரும் இனங்கள் மற்றவற்றை ஒடுக்கிவிட்டன. எதிரி இருந்த தொட்டிகளில் கூட்டம் குறைந்தது. நோஞ்சான் இனங்களுக்கும் வழி பிறந்தது. தப்பியவை நன்றாக வளர்ந்தன. விவசாயி பயிர் கலைத்துவிடுவதைக் குட்டையில் எதிரி செய்கிறது.

கூட்டம் எப்போதும் கெடுதலா?

அப்படியும் சொல்ல முடியாது. தேரைத் தலைப்பிரட்டைகள் விரும்பியே கூட்டமாகத் திரிகின்றன. கறுப்பு மேகம்போல ஒன்றாக நகர்ந்தால் அடியில் இருக்கும் வண்டல் கிளறப்பட்டு எல்லாருக்கும் தீனி கிடைக்கும். ஒன்றுக்குக் காயம் பட்டால் அதன் தோலிலிருந்து கசியும் ரசாயனம் மற்றவற்றுக்கு அபாய எச்சரிக்கையாகும். அமெரிக்கத் தேரையின் தலைப்பிரட்டைகள் தங்கள் உடன்பிறப்புகளுடன் சேர்ந்திருக்கவே விரும்புகின்றன என்று 1979-ல் புரூஸ் வால்ட்மன், கிரெய்க் அட்லர் இருவரும் காட்டினார்கள்.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சிக்கு நல்ல பாரம்பரியம் உண்டு. இந்தியப் பெருந்தவளையின் தலைப்பிரட்டைகளில் நெரிசல் எப்படி உயிர்பிழைப்பையும் வளர்ச்சியையும் பாதிக்கிறது என்று எம்.சி.தாஷ், ஏ.கே.ஹோதா ஆகியோர் ஆராய்ந்து 1980-ல் வெளியிட்டார்கள். தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் எஸ்.கே.சைதாபூரின் குழு, நம் சாதாரணத் தேரையிலும் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளையிலும் நெரிசலுக்கும் உறவுக்கும் உள்ள தொடர்பைத் தொடர்ந்து ஆராய்ந்தது. பிள்ளைகள் எத்தனை என்பதோடு, பக்கத்தில் இருப்பது யார் என்பதும் முக்கியமா என்பது அவர்களின் கேள்வி.

சின்ன வயதுப் பற்றாக்குறை, வாழ்நாள் கணக்கு

'சின்னதாக வெளியே வந்தால் என்ன, பிறகு தின்று தேற்றிக்கொள்ளலாமே' என்று கேட்கலாம். சில தேற்றிக்கொள்ளும். பல அந்த வாய்ப்பு வரும் முன்பே போய்விடும்.

காரணம் எளிது. உடம்பு சின்னதாக இருந்தால் எடைக்கு ஏற்ற தோல் பரப்பு அதிகம். தவளைத் தோல் ஈரம் காக்காது. வெயிலில் சின்னது சீக்கிரம் காய்ந்துவிடும். குறைந்த தூரமே தாவ முடியும். எறும்புகூட இழுத்துப் போகும். விழுங்கக்கூடிய பூச்சிகளும் குறைவு.

அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தீவில் ஒரு சிறிய தவளை இனத்தைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987-ல் வெளியானது. குட்டையை விட்டுப் பெரிய உடம்போடு வெளியேறியவை அதிகம் பிழைத்தன, இனப்பெருக்க வயதிலும் பெரிதாகவே இருந்தன. தவளைகளில் உடம்பு பெரிதாக இருக்கும் பெண், பொதுவாக அதிக முட்டையிடும். ஒரு குட்டையில் சில வாரங்கள் அனுபவித்த நெரிசல், அடுத்த தலைமுறையின் எண்ணிக்கை வரை எட்டுகிறது.

நம் தெருக் குட்டைக்கு என்ன சம்பந்தம்?

உலகில் உள்ள நீர்நில வாழ்விகளில் ஐந்தில் இரண்டு பங்கு இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023-ல் வெளியான உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. முதுகெலும்பு உள்ள பிராணிகளில் மிக மோசமான நிலையில் இருப்பவை இவைதான்.

ஊருக்குள் பத்துப் பள்ளங்களில் மழைநீர் தேங்கிய காலத்தில் தவளைகள் பத்து இடங்களில் முட்டையிட்டன. எட்டை மண்ணடித்துப் பிளாட் போட்டுவிட்டால், மீதி இரண்டில் எல்லாம் வந்து சேரும். 'இந்தக் குளத்தில் எவ்வளவு தலைப்பிரட்டைகள் பார்!' என்று நாம் மகிழ்ந்துபோவோம். கூட்டம் செழிப்பின் அடையாளமாகத் தெரியும். உண்மையில் அது இடப்பற்றாக்குறையின் அடையாளமாகவும் இருக்கலாம். முட்டைகளை எண்ணினால் போதாது. எத்தனை, என்ன அளவில் கரையேறின என்று பார்க்க வேண்டும்.

'தேங்கிய தண்ணீர் என்றால் கொசு வருமே' என்ற பயம் நியாயமானது. அதே சமயம் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். டெங்கு பரப்பும் கொசுவின் முட்டைகளைச் சில இனத் தலைப்பிரட்டைகள் தின்பதை, இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்டிருக்கிறார்கள். டெங்குக் கொசு பெரும்பாலும் வளர்வது, வீட்டில் நாம் மூடாமல் வைத்த டிரம், பழைய டயர், பூந்தொட்டித் தட்டு போன்றவற்றில். முதலில் காலி செய்ய வேண்டியவை அவை. தவளை, தட்டான், மீன் எல்லாம் புழங்கும் ஊர்க்குளத்தை மூடுவதால் டெங்கு போய்விடாது.

குளத்தைச் சீரமைக்கும்போது நான்கு பக்கமும் செங்குத்தாகச் சிமென்ட் சுவர் எழுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. வால் கரைந்த குட்டித் தவளையால் பல நேரம் அந்தச் சுவரில் ஏற முடியாது. ஒரு பக்கமாவது சரிவான மண்கரையும் புல்லும் இருந்தால் அதற்கு வழி கிடைக்கும். ஊராட்சியிலோ குடியிருப்போர் சங்கத்திலோ குளத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது இந்த ஒரு வரியை நீங்கள் சொல்லலாம்.

குழந்தைகள் தலைப்பிரட்டை வளர்க்க ஆசைப்பட்டால்...

குட்டைக்கே கூட்டிப்போய்க் காட்டுவதுதான் முதல் தேர்வு. வாரம் இரண்டு முறை போய், எத்தனைக்குக் கால் முளைத்திருக்கிறது என்று நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். போனில் ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து வைத்தால், அளவு வித்தியாசம் நாளாக நாளாக எப்படிக் கூடுகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அப்படியும் வீட்டில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால்:

* ஒரு பாட்டிலில் ஐம்பது வேண்டாம். இரண்டு, மூன்று போதும். ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது இருக்கட்டும்.

* பாட்டிலைவிட வாய் அகன்ற தொட்டி நல்லது. ஆழத்தைவிடப் பரப்பு முக்கியம். காற்று படும் இடம் அதிகமாக இருக்கும்.

* குட்டைத் தண்ணீரையே பயன்படுத்துங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. இரண்டு, மூன்று நாள்களுக்கு ஒரு முறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

* குட்டையில் இருக்கும் பாசி படிந்த கல், இலை ஆகியவையே நல்ல தீனி. வேகவைத்த லெட்டூஸ் இலை கொஞ்சம் போடலாம். பாலக் கீரையை மட்டுமே போட்டு வளர்க்காதீர்கள். அப்படி வளர்த்தவற்றின் சிறுநீரகத்தில் கல் உண்டானதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மீந்த தீனியை அன்றே எடுத்துவிடுங்கள். அழுகினால் அம்மோனியா ஏறும்.

* முன்னங்கால் வந்துவிட்டால் தண்ணீருக்கு மேலே தெரியும்படி ஒரு கல் வையுங்கள். ஏற இடம் இல்லாவிட்டால் குட்டித் தவளை மூழ்கி இறந்துவிடும்.

* எங்கிருந்து எடுத்தீர்களோ, அதே குட்டையில் கொண்டுபோய் விடுங்கள். வேறு குளத்தில் விட்டால் ஓரிடத்து நோய் இன்னோர் இடத்துக்குப் பரவும். தவளைகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் பூஞ்சை நோய் உலகெங்கும் பரவியதில் மனிதர்கள் அவற்றை இடம் மாற்றியதற்குப் பங்கு உண்டு.

* தொட்டுவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீருக்கு அருகில் சின்னப் பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம்.

அடுத்த மழைக்குத் தெருமுனையில் அந்தக் கறுப்பு மிளகுக் கூட்டத்தைப் பார்த்தால், 'எவ்வளவு இருக்கு!' என்று வியப்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் கொஞ்சம் பாருங்கள். சில வாரங்கள் கழித்துக் கரையோரப் புல்லில் நகத்தளவு தவளைகள் தாவுகின்றனவா என்றும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.